குளக்கட்டில் ஒரு சைக்கிள்: கீறிய படமும் ஓடுகிற கேமும்

கேள்வி: கிளிநொச்சியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து போனுக்கு ஒரு கேம் செய்கிறோம். கட்டறுத்துக்கொண்டு போன எருமையைத் தேடி, பொழுதுபடுமுன் ஒரு பையன் இரணைமடுக் குளக்கட்டால் சைக்கிளில் போவதுதான் கதை. கேம் எப்படி இருக்கும் என்று தொடக்கத்தில் கற்பனையாகக் கீறிய கொன்செப்ட் படங்களை முகநூலில் போட்டபோது எல்லோரும் புகழ்ந்தார்கள். இப்போது கேம் ஓடுகிறது, படத்தில் இருந்த வடிவு அதில் இல்லை. "ஏமாத்திப்போட்டியள்" என்கிறார்கள். கேமைப் படம் மாதிரியே கொண்டுவர என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தையும் வீடியோவையும் அருகருகே வைத்துப் பார்த்தேன் தம்பி. கேமைப் படம் மாதிரி ஆக்குவதற்கு மினக்கெட வேண்டாம். அந்தப் படத்தைக் கீறியபோது கேமில் கமரா எங்கே நிற்கும் என்று உங்களுக்கே தெரியாது. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

படத்தில் பார்ப்பவர் கட்டின் சரிவில், தண்ணீர் ஓரமாக நின்று மேலே பார்க்கிறார். முக்கால்வாசிப் படம் வானம். செம்மஞ்சள் வெளிச்சத்துக்கு எதிரே பையனும் சைக்கிளும் கறுப்பு உருவமாகத் தெரிகிறார்கள், பின்னுக்கு ஒரு பனை வரிசை. எல்லோரும் வடிவு என்று சொன்னது அந்த வானத்தைத்தான். கேமிலோ கமரா பையனின் முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேலே நின்று கீழே பார்க்கிறது. பாதையும் பள்ளமும் தெரிய வேண்டும் என்றால் அப்படித்தான் வைக்கவும் வேண்டும். அதனால் வானம் திரையின் மேல்விளிம்பில் ஒரு நாடா அளவுக்கு ஒடுங்கிவிட்டது. மிச்சம் எல்லாம் கிரவல். கிரவல் நிறத்திலேயே சட்டையும் காற்சட்டையும் போட்ட பையனை நானே தேடித்தான் கண்டுபிடித்தேன்.

இன்னொன்று. படத்தில் அவன் என்றைக்கும் சூரியனுக்கு எதிரேதான் நிற்பான். கேமில் விளையாடுகிறவர் சைக்கிளைத் திருப்பிக் கிழக்கே ஓடலாம், சும்மா வட்டம் போடலாம், வேலியில் போய் முட்டலாம். எங்கிருந்து பார்த்தாலும் காட்சி தாக்குப்பிடிக்க வேண்டும். படம் கீறுகிறவருக்கு அந்தத் தலையிடி இல்லை.

பெரிய நிறுவனங்களும் இதே பாடுதான் படுகின்றன. டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்ற கேமை வால்வ் நிறுவனம் 1999இல் காட்டியபோது அது நிஜப் பட்டாளச் சண்டை போல இருந்தது. 2007இல் கைக்கு வந்ததோ கார்ட்டூன் மனிதர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகைகளுக்கும் விளம்பரங்களுக்கும் கீறிய ஜே. சி. லைன்டெக்கரின் ஓவியங்களைப் பார்த்து அந்தப் பாணியைப் பிடித்தார்கள். ஒன்பது பாத்திரங்கள், தூரத்தில் நிழலாகத் தெரிந்தாலே எவர் என்று சொல்லிவிடலாம். உடுப்பின் நிறம் காலடியில் இருண்டும் நெஞ்சுப் பக்கம் வெளிறியும் இருக்கும், ஏனென்றால் ஆயுதம் இருக்கிற இடத்துக்குப் பார்ப்பவரின் கண் போகவேண்டும். 1981இல் வந்த டொங்கி கொங் என்ற கேமில் அதன் நாயகன் மரியோவுக்குத் தொப்பியும் மீசையும் வந்ததும் இப்படித்தான்: அத்தனை சின்னப் புள்ளிகளுக்குள் தலைமயிரையும் வாயையும் காட்ட இடமில்லை. சிலவேளை கேமே வேறாகிவிடும். ரெசிடென்ட் ஈவில் 4 என்று தொடங்கிய ஒரு முயற்சி, போக்கு மாறி 2001இல் டெவில் மே க்ரை என்ற பெயரில் வந்தது.

சரி, உங்கள் கேமுக்கு வருவோம். முதலில் பையனுக்கு வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டையைப் போடுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

அடுத்தது புல். குளக்கட்டுச் சரிவில் அடர்த்தியாகப் புல் வைத்திருக்கிறீர்கள், போன் திணறுவது பெரும்பாலும் அதனால்தான். திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வருகிற ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். விநாடிக்கு 60 பிரேம் வேண்டுமென்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிவிநாடி, 30 பிரேம் போதுமென்றால் 33. ஒவ்வொரு புல்லுக் கற்றையும், இதழ்களுக்கு இடையில் ஒளி ஊடுருவும் ஒரு தட்டைத் தகடு. ஐந்து தகடு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அதே புள்ளிக்கு போன் ஐந்து தரம் நிறம் பூசுகிறது. படத்தில் தூரிகையால் நாலு இழுப்பு இழுத்தால் முடிகிற வேலை, இங்கே நேரத்தை எல்லாம் தின்றுவிடும். பாதை ஓரம் மட்டும் புல்லை விட்டு, சரிவில் அதைத் தரையின் டெக்ஸ்சரிலேயே, அதாவது தரைமேல் ஒட்டுகிற படத்திலேயே, கீறிவிடுங்கள்.

வானம் அப்படியில்லை. அது ஒற்றைப் படம்தான், போனுக்குப் பாரமே இல்லை. ஆகவே வான்கதவுப் பக்கம் பையன் இளைப்பாறி நிற்கிற இடத்தில் கமராவை மெல்லக் கீழே, தண்ணீர் ஓரத்துக்கு இறக்கிவிடுங்கள். ஆறு ஏழு விநாடி போதும். முகநூலில் போட்ட அதே படம் அங்கே உயிரோடு வரும், பையன் எந்தப் பக்கம் பார்க்கிறான் என்பதும் உங்கள் கையில்தான் இருக்கும். முழுக் கேமும் அப்படி இருக்கத் தேவையில்லை.

இனிக் கீறும் படங்களுக்கு வேலை ஒழுங்கை மாற்றுங்கள். முப்பரிமாண உருவங்கள் செய்கிற பிளெண்டரிலோ கேம் செய்கிற கோடோவிலோ சாம்பல் நிறப் பெட்டிகளை வைத்துக் கட்டையும் பாதையையும் வான்கதவையும் அமைத்து, ஒரு தரம் சைக்கிளை ஓட்டிப் பாருங்கள். அலுப்புத் தட்டாமல் ஓடுகிறதா? அப்புறம் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, படம் கீறுகிற மென்பொருளான கிரிட்டாவில் அதன் மேலேயே நிறம் பூசுங்கள். அப்படிக் கீறிய படம் முதல் படத்தைப் போல் அசத்தாது. ஆனால் அதில் இருப்பதை உங்களால் செய்ய முடியும். கீறியதைப் போன் அளவுக்குச் சுருக்கி, மத்தியான வெயிலில் முற்றத்தில் நின்று பார்க்கவும் வேண்டும். உங்கள் பொழுதுபடுகிற நிறங்கள் அறைக்குள் அருமை. வெளியே கொண்டுபோனால் திரை முழுக்க ஒரே இருட்டு. நிழல்களைக் கொஞ்சம் வெளிறவிடுங்கள்.

முகநூல்காரருக்கு என்ன சொல்வது? முதல் படத்தை அழிக்க வேண்டாம். அதன் பக்கத்தில் பெட்டிகள் மட்டும் இருந்த ஸ்கிரீன்ஷொட்டையும் இப்போதைய வீடியோவையும் போட்டு, எதை ஏன் மாற்றினோம் என்று இரண்டு வரி எழுதுங்கள். பெரிய கேம்களின் பெயரில் கொன்செப்ட் ஆர்ட் என்று சுற்றுகிற பளபளப்பான படங்களில் பல, கேம் முடிகிற கட்டத்தில் விளம்பரத்துக்கென்றே கீறப்பட்டவை. அவற்றைப் பார்த்து நீங்கள் சோர வேண்டியதில்லை.

கடைசியாக எருமை. வீடியோவைப் பார்த்த என் மகள் அதைப் பன்றி என்றாள். கொம்பை இரண்டு மடங்காக்குங்கள்.