மாற்றிய 13007 உடனே வெடித்தால்

கேள்வி: பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) ஒன்றைச் சரிசெய்கிறேன். ஷார்ட் ஆகியிருந்த ஒரு 13007 டிரான்சிஸ்டரை மாற்றி ஆன் செய்ததும் புதியதும் வெடித்துவிட்டது. 1500 வோல்ட் தாங்கும் பியு 508 டிரான்சிஸ்டரைப் போட்டால் போகவே போகாது என்கிறார் நண்பர். போடலாமா?

பதில்: வேண்டாம். இன்னும் சீக்கிரம் போகும்.

வோல்ட் தாங்காமல் 13007 போனதாகத் தெரியவில்லை. 230 வோல்ட் ஏசியை டிசி ஆக்கினால் சுமார் 325 வோல்ட். மாறி மாறி வேலை செய்யும் இரண்டு டிரான்சிஸ்டர்களில் ஆஃப் ஆனது தாங்க வேண்டியதும் அவ்வளவுதான். டேட்டாஷீட்டில் 400, 700 என்று இரண்டு அளவு இருக்கும். பேஸ், அதாவது டிரான்சிஸ்டரை ஆன், ஆஃப் செய்யும் கால், ஓப்பனாகக் கிடந்தால் 400 வோல்ட். அதை எமிட்டர் காலைவிட மைனஸில் இழுத்துப் பிடித்தால் 700. ஆக, பேஸை இயக்கும் பகுதி (பேஸ் டிரைவ்) கெட்டால் தாங்கும் சக்தியும் குறைகிறது.

பியு 508 பழைய டிவியின் ஹரிசான்டல் அவுட்புட்டுக்கானது. அங்கே ஒரு சுற்றுக்கு 64 மைக்ரோ வினாடி. பேஸை நிறுத்திய பிறகும் சுமார் 7 மைக்ரோ வினாடி அது கடத்தும். டிவியில் அதனால் பாதகமில்லை. இந்த எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு சுற்றே ஏறத்தாழ 30 மைக்ரோ வினாடிதான். ஒரு டிரான்சிஸ்டர் ஓய்வதற்குள் மற்றது ஆன் ஆகி, இரண்டும் சேர்ந்து 325 வோல்ட்டை ஷார்ட் அடிக்கும். கெயினும், அதாவது பேஸ் கரன்ட்டைப் பெருக்கும் அளவும், குறைவு.

சரி, எங்கே தேடுவது? முதலில் பெரிய கெப்பாசிட்டர் இரண்டையும் ஒரு ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்யுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். அப்புறம் பேஸ் பக்கம் போங்கள். அங்கே 1 மைக்ரோஃபாரட் மாதிரி இரண்டு சின்ன எலக்ட்ரோலிட்டிக் இருக்கும். நான் முதலில் சந்தேகப்படுவது இவற்றைத்தான். சூட்டில் காய்ந்துபோனால் டிரான்சிஸ்டர் சட்டென்று ஆஃப் ஆகாது. சோதித்துக்கொண்டிராமல் மாற்றிவிடுங்கள், காசு அதிகமில்லை. பக்கத்தில் இரண்டு அல்லது மூன்று ஓம் அளவுள்ள ரெசிஸ்டர்களும் 4148 டையோடுகளும் இருக்கும். முதல் முறை வெடித்தபோதே இவை ஓப்பன் ஆகியிருக்கலாம். ஒரு காலைக் கழற்றி அளந்து பாருங்கள்.

ஒன்றை மட்டும் மாற்றியதும் தப்பு. ஜோடியாக, ஒரே கம்பெனி சரக்காகப் போடுங்கள். டூப்ளிகேட் ஏராளம். வெடித்த புதியதையும் பழைய ஒரிஜினலையும் கட்டிங் பிளேயரால் உடைத்து உள்ளே இருக்கும் சில்லுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதியதன் சில்லு பாதி அளவுகூட இல்லையென்றால், 8 ஆம்பியர் என்று மேலே அச்சடித்ததற்கு அர்த்தமில்லை.

மாட்டியதும் நேராக கரன்ட் கொடுக்காதீர்கள். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடுங்கள். பல்பு இருந்தாலும் போர்டில் மெயின்ஸ் கரன்ட் இருக்கிறது, கை வைக்காதீர்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகியிருக்கிறது, நல்லது. விடாமல் பிரகாசமாக எரிந்தால் உடனே ஆஃப் செய்துவிட்டு டிரான்சிஸ்டருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே கரன்ட் போகாமல் தடுக்கும் மைகா தகட்டைக் கவனியுங்கள். டிரான்சிஸ்டரின் உலோக முதுகு அதன் கலெக்டர் காலோடு சேர்ந்தது. இரண்டும் ஒரே ஹீட்சிங்க்கில் இருந்து மைகா கிழிந்திருந்தால், எத்தனை 13007 போட்டாலும் வெடிக்கும்.