நாளுக்கு இருநூறு கிலோமீற்றர் போதும்

வாசகர் கேள்வி – பதில்

சிட்னியிலிருந்து பார்க்ஸ், டபோ, கூனபாராப்ரன், நராப்ரை வழியாக மொரீ வரை கரவன் (காரின் பின்னால் கொளுவி இழுக்கும் வீட்டு வண்டி) இழுத்துக்கொண்டு போய்வந்ததைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். நான் தாதியாக வேலைசெய்து ஓய்வு பெற்றவள். வண்டியை நானும் இவரும் மாறிமாறித்தான் ஓட்டுவோம். அதனால் ஓட்டம் பற்றிய கேள்விகளுக்கும் என் பதில்தான்.

கேள்வி: அக்கா, நத்தார் முடிந்த கையோடு மெல்பேர்ணிலிருந்து நியூவெல் ஹைவே முழுவதும் கரவனில் ஓடி, பிறிஸ்பேனைத் தொட்டுவிட்டு இரண்டு கிழமையில் திரும்ப நினைக்கிறோம். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடலாம்?
– வாசகர், மெல்பேர்ண்

பதில்: தம்பி, முதலில் மாதத்தை மாற்றுங்கள். சனவரியில் அந்தப் பக்கம் நாற்பது பாகை வெயில் சாதாரணம். தகரக் கூரைக்குள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரவில் நித்திரை வராது. ஏப்ரலில் போங்கள், அல்லது ஓகஸ்ட் கடைசியில் போங்கள். அப்போது ஃபோர்ப்ஸ், பார்க்ஸ் பக்கமெல்லாம் கனோலா என்ற எண்ணெய் வித்துப் பயிர் பூத்து வயல் முழுக்க மஞ்சளாக இருக்கும். யூன், யூலை என்றால் தடித்த போர்வை கட்டாயம். கூனபாராப்ரனில் விடியற்காலையில் தண்ணீர்க் குழாய் உறைந்துபோகும்.

அடுத்தது தூரம். நியூவெல் ஹைவே விக்ரோறியா எல்லையிலுள்ள டொக்கம்வாலிலிருந்து குவீன்ஸ்லாந்து எல்லையிலுள்ள கூண்டிவிண்டி வரை ஏறத்தாழ 1,060 கிலோமீற்றர். இரண்டு நாளில் ஓடி முடிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பார்ப்பது முன்னால் போகும் லொறியின் பின்பக்கத்தைத்தான். நாளுக்கு இருநூறுக்கு மேல் ஓடாதீர்கள். ஒன்பது மணிக்குப் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த ஊர். இதற்கு இரண்டு காரணம். கங்காருக்கள் வீதிக்கு வருவது பொழுது படும் நேரத்திலும் விடியும் நேரத்திலும். மூன்று தொன் வண்டியைப் பின்னால் வைத்துக்கொண்டு சட்டென்று பிரேக் அடிக்க முடியாது. அது ஒன்று. மற்றது, சின்ன ஊர்களின் நூதனசாலைகளை நடத்துபவர்கள் ஊரிலுள்ள வயதான தொண்டர்கள். பத்து மணிக்குத் திறந்து மூன்று மணிக்குப் பூட்டிவிடுவார்கள், சில ஊர்களில் கிழமைக்கு மூன்று நாள்தான். ஐந்து மணிக்குப் போய் இறங்கினால் பெற்றோல் நிலையத்தைத் தவிர ஒன்றும் திறந்திராது.

மேற்கு வயலோங்கின் பிரதான வீதி ஏன் அப்படி வளைந்து வளைந்து போகிறது என்று நின்று கேளுங்கள். மரங்களை விலத்தி விலத்தி மாட்டு வண்டில் போன தடத்தின் மேலேயே வீதியைப் போட்டுவிட்டார்கள். ஃபோர்ப்ஸில் லக்லன் ஆற்றங்கரையில் ஒரு பின்னேரம் நடந்துவிட்டு, 1865இல் பொலிசாரால் சுடப்பட்ட கொள்ளைக்காரன் பென் ஹோலின் கல்லறையைப் போய்ப் பாருங்கள். இன்றைக்கும் அதில் யாரோ பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒவ்வோர் ஊரிலும் இரண்டு இரவு தங்குங்கள். பிறிஸ்பேனை இந்த முறை விட்டுவிடுங்கள். அதற்கு விமானம் இருக்கிறது.

கேள்வி: புதிதாக ஒரு கரவன் வாங்கியிருக்கிறோம். ரயர், விளக்கு, பிரேக் எல்லாம் கராஜில் பார்த்தாயிற்று. புறப்படமுன் வேறு என்ன பார்க்க வேண்டும்?
– வாசகி, பிளக்டவுன்

பதில்: எடை. கரவனில் ஒட்டியிருக்கும் தகட்டில், எல்லாம் ஏற்றிய பிறகு அது ஆகக்கூடியது எவ்வளவு எடை இருக்கலாம் என்று எழுதியிருக்கும். கடையில் சொன்ன எடை வெறும் வண்டியின் எடை. இரண்டு தாங்கித் தண்ணீர் நிரப்பினாலே நூற்றைம்பது கிலோவுக்கு மேல் ஏறிவிடும். பிறகு காஸ் சிலிண்டர், கூடாரத் துணி, கதிரை, எங்கள் ஆட்களென்றால் அரிசி மூட்டை, இடியப்ப உரல், கிரைண்டர். முழுவதும் ஏற்றி, பொது எடைப்பாலத்தில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். தானியம் விளையும் ஊர்களில் எடைப்பாலம் தேடுவது கஷ்டமில்லை.

பாரத்தை வைக்கும் இடமும் முக்கியம். பாரமான சாமான்கள் அச்சுக்கு மேலே, தரையோடு இருக்க வேண்டும். காரின் கொளுவியில் இறங்கும் பாரம் கரவனின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்களவு இருப்பது நல்லது. பின்பக்கம் பாரம் கூடினால் வண்டி வால் ஆட்டத் தொடங்கும். அப்படி ஆடினால் காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டாம். அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்து, ஸ்ரியரிங்கை நேராகப் பிடித்து, கரவன் பிரேக்கை மட்டும் கையால் மெதுவாகப் பிடியுங்கள். ஓடும்போது காஸ் சிலிண்டரின் வால்வு மூடியிருக்க வேண்டும். ஓடும் கரவனுக்குள் ஆட்கள் இருக்கவே கூடாது, சட்டப்படி குற்றம். பிள்ளை நித்திரை என்று உள்ளே படுக்க வைத்துக்கொண்டு வந்த ஒரு குடும்பத்தை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கேள்வி: மகன் சிட்னியில் இருக்கிறான். மூன்று மாதம் அங்கே வருகிறோம். போன முறை கடற்கரையும் கட்டடங்களும் பார்த்தாயிற்று. நான் விவசாயி, அங்குள்ள விவசாயத்தைப் பார்க்க ஆசை. வாடகைக்கு வண்டி கிடைக்குமா? என் மகனால் ஓட்ட முடியுமா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: ஐயா, இந்தக் கடிதத்தை வாசித்து மிகவும் சந்தோஷப்பட்டேன். கோவில்பட்டிக்காரர் பார்க்கவேண்டிய இடம் நராப்ரையிலிருந்து மொரீ வரையான நூறு கிலோமீற்றர். அது முழுக்கக் கரிசல். உங்கள் ஊர் மண் போலவே மழையில் ஊதி, வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்த மண் அசைவதால் ஹைவேயே அலைஅலையாக இருக்கும். அங்கே வேகத்தைக் குறைக்க மகனிடம் சொல்லுங்கள். மழை பெய்த நாளில் தார் வீதியை விட்டு இறங்கவே வேண்டாம், ஒட்டும் சேறு என்னவென்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்த மண்ணில் பருத்தி நன்றாக விளையும். ஏப்ரல், மே மாதங்களில் வந்தால் அறுவடை பார்க்கலாம். ஆளுயரத்தை விடப் பெரிய இயந்திரம் வரிசை வரிசையாக எடுத்துக்கொண்டே போய், பஞ்சை உருளையாகச் சுற்றி, மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு உறை போர்த்தி வயலிலேயே உருட்டிவிடும். ஒரு உருளை இரண்டு தொன்னுக்கு மேல். லொறிகளில் ஏற்றிப்போகும்போது உதிர்ந்த பஞ்சு வீதியோரப் புல்லெல்லாம் ஒட்டிக்கிடக்கும். நாங்கள் ஒரு வயலோரம் காரை நிறுத்தினோம். இவர் ஒரு காயைக் கையில் எடுத்து, விதையை நகத்தால் பிரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். வயற்காரர் தன் வண்டியை நிறுத்தி இறங்கிவந்தார். ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தோம். அவர் இந்தியாவில் ஒரு ஏக்கருக்கு எவ்வளவு விளையும் என்றுதான் கேட்டார். பதில் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வண்டி: இழுத்துப்போகும் கரவன் வேண்டாம். படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் மோட்டர்ஹோம் சிட்னியில் வாடகைக்குக் கிடைக்கும். மொத்த எடை நாலரைத் தொன்னுக்குள் இருக்கும் வண்டியைச் சாதாரண கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம். அதில் பட்டி போட்ட இருக்கைகளில் நீங்கள் உட்கார்ந்தே போகலாம்.

கேள்வி: கழிவறைத் தொட்டியை எங்கே காலி செய்வது? இதை யாரும் எழுதுவதில்லை.
– வாசகி, பேர்த்

பதில்: அதற்கென்றே ஊர்களில் கழிவு ஊற்றும் இடம் கட்டிவைத்திருக்கிறார்கள். காட்சித்திடல் (ஊரின் விவசாயக் கண்காட்சி நடக்கும் மைதானம்), கரவன் பார்க், சில ஊர்களில் பொதுப் பூங்கா ஓரம். ஊருக்குள் நுழையும் இடத்திலேயே பலகை இருக்கும். கையுறை போட்டு, ஊற்றி, அங்குள்ள குழாயில் கழுவினால் ஐந்து நிமிட வேலை. அந்தக் குழாயில் குடிதண்ணீர் பிடிக்க வேண்டாம்.

கேள்வி: அன்ரி, நேரடியாகவே கேட்கிறேன். எங்கள் நிறத்தில் ஆட்களே இல்லாத சின்ன ஊர்களில் எப்படி நடத்துவார்கள்? எனக்கு ஏழு வயதில் மகள் இருக்கிறாள்.
– வாசகி, அடிலெயிட்

பதில்: கேட்டது நல்லது, பிள்ளை. ஒரு ஊரில் மதுச்சாலைக்குச் சாப்பிடப் போனோம். உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது, எல்லாத் தலையும் திரும்பியது. பிறகு பேச்சு தொடர்ந்தது, சாப்பிட்டு வந்தோம். அந்த ஒரு நிமிடம் எனக்கு இதமாக இருக்கவில்லை என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அதைவிட அடிக்கடி எனக்கு நடந்தது வேறு. பாண் வாங்கப் போனால், மருந்து வாங்கப் போனால், "நீங்கள்தான் புது டொக்டரா?" என்று ஆவலோடு கேட்பார்கள். உள்நாட்டு ஊர்களின் ஆஸ்பத்திரிகளில் இலங்கையிலும் இந்தியாவிலும் படித்த வைத்தியர்களும் தாதிகளும் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். வெளிநாட்டில் படித்த வைத்தியர்கள் பலர், ஆள் தட்டுப்பாடான இடங்களில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்ய வேண்டும் என்பது இந்நாட்டு விதி. அவர்கள் சம்பாதித்து வைத்த மரியாதை எங்களுக்கும் கிடைக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஊர்கள் எங்கள் நிறத்தவர் இல்லாத ஊர்களல்ல. மொரீ, நராப்ரை எல்லாம் கமிலராய் என்ற ஆதிவாசி மக்களின் நிலம். மொரீயின் நீச்சல் குளத்தில் ஆதிவாசிப் பிள்ளைகளை இறங்கவிடாத விதி ஒரு காலத்தில் இருந்தது. 1965 பெப்ரவரியில் சிட்னிப் பல்கலைக்கழக மாணவர்கள், சார்ள்ஸ் பேர்கின்ஸ் என்ற ஆதிவாசி மாணவரின் தலைமையில், ஒரு பஸ்ஸில் அங்கே போனார்கள். பிள்ளைகளைக் குளத்துக்குள் கூட்டிப்போக முயன்றபோது கூட்டம் கூடி முட்டை எறிந்தது, அடிதடி நடந்தது. மகளை அந்தக் குளத்துக்குக் கூட்டிப்போங்கள். நீந்தி முடித்ததும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஏழு வயதுக்கு இது விளங்கும்.

கேள்வி: எனக்கு 11 வயது. பெரிய தொலைநோக்கி பார்க்க விருப்பம். எந்த ஊருக்குப் போகச் சொல்லி அப்பாவிடம் கேட்கலாம்?
– சிறுவன், பரமற்றா

பதில்: மூன்று ஊரைக் கேளுங்கள் கண்ணா, மூன்றும் ஒரே பாதையில்தான். பார்க்ஸில் 64 மீற்றர் அகலத் தட்டு ஒன்று வயல் நடுவில் நிற்கிறது. 1961இல் கட்டியது. 1969இல் மனிதன் நிலவில் நடந்த படங்களைப் பெற்றுத் தந்த தொலைநோக்கிகளில் அதுவும் ஒன்று. விராஜுரி என்ற ஆதிவாசி மக்களின் மொழியில் இப்போது அதற்கு முரியாங் என்றும் ஒரு பெயர். நராப்ரையில் 22 மீற்றர் தட்டுகள் ஆறு. கூனபாராப்ரன் மலையில் இருப்பது கண்ணாடித் தொலைநோக்கி, அதன் ஆடி 3.9 மீற்றர்.

டபோ பக்கமிருந்து கூனபாராப்ரனுக்கு வரும்போது ஜன்னலோரம் உட்காருங்கள். மலை உச்சிக் குவிமாடத்தைச் சூரியனாக வைத்து, 3 கோடியே 80 இலட்சத்தில் ஒரு பங்காகச் சுருக்கி, கோள்களை வீதியோரம் நிறுத்தியிருக்கிறார்கள். புளூட்டோவிலிருந்து தொடங்கும். அடுத்த கோள் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கிட்டப்போகப் போகச் சடசடவென்று வரும்.

இரவில் வெறும் கண்ணே போதும். பக்கத்திலுள்ள வரம்பங்கிள் தேசியப் பூங்கா 2016இல் அவுஸ்திரேலியாவின் முதலாவது இருள்வான் பூங்காவாக (இரவு வானத்தின் இருளைக் காக்கும் இடமாக) அறிவிக்கப்பட்டது. 2013 சனவரியில் அந்தப் பக்கம் காட்டுத்தீயில் ஐம்பதுக்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தன. தொலைநோக்கிகள் தப்பிவிட்டன. ஏப்ரல், மே மாத இரவுகளில் தென்சிலுவை நட்சத்திரக் கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கருந்திட்டு தெரியும். அது ஒரு ஈமுப் பறவையின் தலை. கழுத்தும் உடம்பும் பால்வீதி நெடுக நீளும். கமிலராய் மக்கள் நட்சத்திரங்களுக்கு இடையிலுள்ள இருட்டில் அந்தப் பறவையைப் பார்த்திருக்கிறார்கள். கண் இருளுக்குப் பழக இருபது நிமிடம் வேண்டும். அப்பாவின் போனை வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள்.

கேள்வி: சமையல் எப்படி? நாங்கள் சைவம்.
– வாசகி, பிறிஸ்பேன்

பதில்: சின்ன ஊர்க் கடைகளிலும் தேங்காய்ப்பால் தகரம், பருப்பு, அரிசி கிடைக்கும். கறிவேப்பிலை கிடைக்காது, உறைபெட்டியில் கொண்டுபோங்கள். தாளிப்பதை வெளியே வைத்துச் செய்யுங்கள், இல்லாவிட்டால் வெங்காய வாசம் மெத்தையில் ஒரு கிழமை நிற்கும். எங்கள் இரவுச் சாப்பாடு பெரும்பாலும் புட்டும் சம்பலும்தான். தெற்கு அவுஸ்திரேலியாவுக்குள் போவதென்றால் பழ ஈக் கட்டுப்பாடு இருக்கிறது, எல்லைக்கு முன்பே பழங்களைச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 79 வயது, முழங்கால் வலி. கூட்டிப்போகலாமா? மொரீயின் வெந்நீர்க் குளத்தில் இறக்கலாமா?
– வாசகி, கன்பரா

பதில்: கட்டாயம் கூட்டிப்போங்கள். தங்குவதற்குக் காட்சித்திடலைத் தேர்ந்தெடுங்கள். நிலம் மட்டமாக இருக்கும், குளியலறை கிட்ட இருக்கும், கட்டணமும் குறைவு, அந்தக் காசு ஊருக்கே போகும். அம்மாவின் கட்டில் உயரத்தை முதலே பாருங்கள், கரவன் வாசற்படிக்கு ஒரு கைப்பிடி பூட்டுங்கள்.

மொரீயின் தண்ணீர் 41 பாகையளவில் இருக்கும். 1895இல் வயலுக்குத் தண்ணீர் தேடித் துளைத்த கிணற்றில் சுடுதண்ணீர் வந்தது. நாட்டின் ஐந்திலொரு பங்கு நிலத்துக்குக் கீழே பரந்திருக்கும் பெரும் ஆர்ட்டீசியன் படுகைத் தண்ணீர் அது. யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை, நிலத்தடி நீரையே நம்பி வளர்ந்தவள் நான். அதனால் அந்தத் தண்ணீரில் காலை வைத்தபோது ஒரு உறவு தெரிந்தது. வயதானவர்களுக்கு 41 கொஞ்சம் சூடுதான். பிலிகா ஊர்ப் பக்கத்துக் குளம் 37 பாகை, அம்மாவுக்கு அதுவே நல்லது.

இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மருந்து எடுப்பவராயின் புறப்படமுன் டொக்டரிடம் கேளுங்கள். சாப்பிட்ட உடனே வேண்டாம். முதலில் பத்து நிமிடம், அவ்வளவுதான். ஏறும்போதுதான் தலை சுற்றும், ஆகவே படியில் ஒரு நிமிடம் உட்காரவைத்து, பிறகு நீங்கள் பின்னால் நின்று ஏற்றுங்கள். துவாயும் ஒரு போத்தல் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மோதிரம், சங்கிலியைக் கரவனிலேயே கழற்றி வைக்கச் சொல்லுங்கள், அந்தத் தண்ணீரிலுள்ள உப்புகள் சில நகைகளைக் கறுக்கப்பண்ணிவிடும்.