அம்மாவின் முதுகெலும்பில் சிமெண்ட் ஏற்றலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 72. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் சீவியவர். மூன்று வாரத்துக்கு முன் தண்ணீர் வாளியைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. இடுப்புப் பக்க முள்ளெலும்பு ஒன்று நசுங்கியிருப்பதாக எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். ஈப்போ ஆஸ்பத்திரியில் சிமெண்ட் ஊசி போடலாம் என்கிறார்கள். முதுகில் கை வைத்தால் கால் விழுந்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. என்ன செய்வது டாக்டர்?

பதில்: அக்கா நினைப்பதுபோல் இது முதுகைக் கிழித்துச் செய்யும் ஆபரேஷன் இல்லை. குப்புறப் படுக்க வைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே தோல் வழியாக நசுங்கிய எலும்புக்குள் ஊசியைச் செலுத்துவார்கள். எலும்புக்கென்றே உள்ள சிமெண்டைப் பற்பசை பதத்தில் சில மில்லி ஏற்றினால் சில நிமிடங்களில் இறுகிவிடும். இது வெர்டிப்ரோபிளாஸ்டி, முதலில் பலூனை ஊதி இடம் உண்டாக்கிவிட்டுச் செய்தால் கைபோபிளாஸ்டி. சிமெண்ட் கொஞ்சம் கசிவது சகஜம், பெரும்பாலும் தொல்லை தராது. அரிதாக நரம்பை அழுத்தும், அல்லது ரத்தக்குழாய் வழியே நுரையீரலுக்குப் போகும். ஆக, அக்காவின் பயம் முழுக்கப் பொய்யும் இல்லை.

சரி, போடலாமா? இதில் மருத்துவர்களே ஒருமித்துப் பேசுவதில்லை. 2009-இல் வந்த இரண்டு ஆய்வுகளில், சிமெண்ட் ஏற்றாமல் ஏற்றியதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்ட நோயாளிகளுக்கும் வலி அதே அளவு குறைந்தது. 2016-இல் ஆஸ்திரேலிய ஆய்வொன்று, முறிந்து 6 வாரத்துக்குள், வலி கடுமையாக இருப்பவர்களுக்குப் பலன் உண்டு என்றது. இந்த முறிவு பெரும்பாலும் 6 முதல் 12 வாரத்தில் தானாகவே கூடிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தாவது கழிவறைக்கு நடந்து போகிறாரா? அப்படியானால் நான் காத்திருப்பேன். மாத்திரைக்கும் அடங்காமல் படுக்கையிலேயே கிடந்தால், அந்தக் கிடையே ஆபத்து: நுரையீரலில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், எலும்பு இன்னும் கரையும். அப்போது ஊசியை யோசிக்கலாம். அதற்கு முன் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கேளுங்கள். முறிவு புதிதா, பழசா என்பது அதில்தான் தெளிவாகத் தெரியும். ஆறிப்போன எலும்பில் சிமெண்ட் ஏற்றிப் பயனில்லை.

கால் மரத்தாலோ வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ கட்டுப்பாடு போனாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். காய்ச்சல் இருந்தாலும், முன்பு புற்றுநோய் வந்திருந்தாலும் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். அப்புறம், உருவிவிட வருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வாளியைத் தூக்கியதற்கே எலும்பு நசுங்கியது என்றால், அது ஏற்கனவே மெலிந்து வலுவிழந்திருக்கும். ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் இந்த எலும்புத் தேய்வுக்கு மருந்து வேண்டும். சிமெண்ட் முட்டுக்கொடுப்பது ஒரே ஒரு எலும்புக்குத்தான். மருந்தில்லாவிட்டால் ஐந்தில் ஒருவருக்கு ஒரு வருஷத்துக்குள் இன்னொன்று நசுங்குகிறது. வாரம் ஒரு மாத்திரை, வருஷம் ஒரு ஊசி என்று வழிகள் உண்டு. அரசாங்க கிளினிக்கிலேயே பேச்சை ஆரம்பிக்கலாம்.

இன்னொன்று. முட்டிவலிக்கு ஜாமு (மலாய் மூலிகை மருந்து) ஏதாவது சாப்பிட்டாரா என்று அம்மாவிடம் கேளுங்கள். பதிவில்லாத சில சரக்கில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். எலும்பை அரிப்பதே அதுவாக இருக்கலாம். ஆனால் சட்டென்று நிறுத்த வேண்டாம், அதுவும் ஆபத்து. டப்பாவை எக்ஸ்ரே படத்தோடு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.