ஃபேன் ஓடுகிறது, புழுக்கம் போகவில்லை

(மின்விசிறி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார், திருச்சி உறையூரில் 31 வருடமாக மோட்டார் வைண்டிங் கடை நடத்திவருபவர்.)

கேள்வி: எங்கள் வீட்டுக்கு மேலே மொட்டை மாடிதான். ராத்திரி பத்து மணிக்கு ஃபேனை ஐந்தில் வைத்தாலும் அனல்தான் கொட்டுகிறது. இன்னும் வேகமாகச் சுற்றும் ஃபேன் வாங்கலாமா?
வாசகி, வேலூர்

வாங்காதீர்கள் அம்மா. வேகம் கூடினால் அனலும் கூடத்தான் வரும்.

பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட், அந்தச் சூட்டை உடனே கீழே விடாது. மெல்ல மெல்ல இறக்கும். பொழுது சாய்ந்த பிறகுதான் உங்கள் தலைக்கு மேலே இருக்கும் தளம் நன்றாகக் கொதிக்கும். நம்பிக்கை இல்லையென்றால் ராத்திரி எட்டு மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி, உள்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஃபேன் அந்தக் கூரையை ஒட்டி நிற்கும் காற்றைத்தான் இழுத்துக் கீழே தள்ளுகிறது. குளிர்ச்சியை அது உண்டாக்குவதில்லை. நம் உடம்பில் இருக்கும் வியர்வையைத்தான் அது காயவைக்கிறது, அதனால் நமக்குக் குளுகுளுவென்று இருக்கிறது. ஆள் இல்லாத அறையில் ஓடும் ஃபேன் மோட்டார் சூட்டால் அறையைக் கொஞ்சம் சூடாக்கத்தான் செய்யும்.

முதல் வேலை, சூட்டை வெளியே தள்ளுவது. இருட்டியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். டேபிள் ஃபேன் இருந்தால் ஒரு ஜன்னலில் முகத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்து ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். உள்ளே இருக்கும் சூடான காற்று அதன் வழியாகப் போகும், மறுபக்க ஜன்னல் வழியாக வெளிக்காற்று வரும். அதற்கப்புறம் சீலிங் ஃபேனைப் போடுங்கள். மேற்குப் பார்த்த ஜன்னலை மதியத்திலிருந்தே மூடித் திரை போட்டுவிட வேண்டும்.

அடுத்த கோடைக்குள் மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்துவிடுங்கள். பழைய வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதித்தது இதற்காகத்தான். புதிய ஃபேனுக்குப் போடும் பணத்தைவிட இதில் போடும் பணம் அதிகம் உதவும்.

கட்டில் எங்கே கிடக்கிறது என்றும் பாருங்கள். என் அம்மாவுக்கு 84 வயது. போன கத்திரியில் தூக்கமே இல்லை என்று அழுதார். போய்ப் பார்த்தால் கட்டில் பரணுக்கு அடியில் சுவரோரமாகக் கிடந்தது. நான்கு அடி இழுத்து ஃபேனுக்கு நேர் கீழே போட்டேன். அன்றைக்கு ராத்திரி ஃபேனை மூன்றில் வைக்கச் சொன்னார்.

ஒரு எச்சரிக்கை. வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில் வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் வெறும் ஃபேனை நம்பி விடாதீர்கள். அவ்வளவு சூடான காற்று உடம்பைச் சுடவைக்கும். ஈரத்துணியால் அடிக்கடி உடம்பைத் துடையுங்கள். வயதானவர்களுக்குத் தாகம் அவ்வளவாகத் தெரியாது, நாம்தான் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

கேள்வி: பிஎல்டிசி ஃபேன் மாற்றினால் கரண்ட் பில் பாதியாகும் என்று கடையில் சொல்கிறார்கள். நிஜமா? வீட்டில் மூன்று ஃபேன்.
வாசகர், மதுரை

பில் பாதியாகாது. பிஎல்டிசி என்றால் பிரஷ் இல்லாத, குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வைத்த ஃபேன். ஃபேனுக்கு ஆகும் கரண்ட் பாதிக்கும் கீழே குறையும், அது நிஜம்.

கணக்குப் போடுவோம். சாதாரண 48 அங்குல ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி சுமார் 30 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் பழைய ஃபேனுக்கு 67 யூனிட், புதியதற்கு 27 யூனிட். ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம். மூன்றும் அப்படி ஓடினால் 120. உங்கள் பில் 500 யூனிட்டைக் கொஞ்சம் தாண்டிப் போகிறதென்றால், இந்த 120 உங்களை அந்தக் கோட்டுக்குக் கீழே இறக்கிவிடும். 500-க்கு மேல் கட்டணக் கணக்கே மாறுகிறது என்பதால் பணத்தில் நன்றாகத் தெரியும். இரண்டு மாதத்துக்கு 150 யூனிட்டே ஓடும் வீட்டுக்கு அவ்வளவு தெரியாது.

அதனால் மூன்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். அதிக நேரம் ஓடும் ஃபேனை முதலில் மாற்றுங்கள். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம். ஸ்டாரோடு சேர்த்து, நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்றும் பெட்டியில் பாருங்கள். 210-க்குக் குறையாமல் இருக்கட்டும். வாட் குறைவு என்று வாங்கிவிட்டுக் காற்று வரவில்லை என்று வருத்தப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாட்டும்போது சுவரில் இருக்கும் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேரடியாகச் சுவிட்சில் கொடுக்கச் சொல்லுங்கள். ரெகுலேட்டரோடு ஓட்டினால் உள்ளே இருக்கும் போர்டு போய்விடும். இன்வெர்ட்டர் வைத்திருந்தால் இன்னொரு லாபம், கரண்ட் போன நேரத்தில் பேட்டரி கூடுதலாகத் தாங்கும்.

பழைய ஃபேன் எரிந்து மூன்றாவது தடவை காயில் கட்டக் கொண்டுவந்தால், நானே வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறேன். அந்தக் கூலியைப் புதிய ஃபேனில் போடுங்கள்.

கேள்வி: ஆறு வருட ஃபேன். ஐந்தில் வைத்தாலும் மூன்றில் ஓடுவது போல ஓடுகிறது.
வாசகி, தாம்பரம்

பெரும்பாலும் கெபாசிட்டர்தான், அதாவது மோட்டார் சுற்ற உதவும் சின்ன பாகம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பழையதில் என்ன அளவு எழுதியிருக்கிறதோ (2.5 என்று இருக்கலாம்) அதே அளவு மாற்றச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. அதற்கு முன் இறக்கையைத் துடைத்துப் பாருங்கள். பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். துடைக்கும்போது இறக்கையை வளைத்துவிடாதீர்கள், அப்புறம் ஃபேன் ஆட ஆரம்பிக்கும்.

கேள்வி: ஏசி ஓடும்போது ஃபேன் போடக்கூடாது என்கிறார் என் மாமனார். சரியா?
வாசகி, கோவை

போடலாம் அம்மா, ஒன்றிலோ இரண்டிலோ. ஏசியை 24-லிருந்து 26 அல்லது 27-க்கு ஏற்றிவிட்டு ஃபேனைப் போட்டால் உடம்புக்கு அதே சுகம் இருக்கும். ஒரு டிகிரி ஏற்றினால் ஏசி கரண்டில் சுமார் 6 சதவீதம் மிச்சமாகும். 24-லேயே வைத்துக்கொண்டு ஃபேனையும் ஐந்தில் ஓட்டினால் மாமனார் சொல்வதுதான் சரி, இரண்டு செலவு. அவருக்குக் காற்று நேரே மேலே பட்டால் ஆகாது என்றால் கட்டிலை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.