ஒரு ஏக்கரை விற்று கம்ப்யூட்டர் சயின்ஸா?

தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிப் பக்கமிருந்து ஒரு அப்பா போனில் பேசினார். மகள் பிளஸ் டூ எழுதப் போகிறாள். சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடலாம், தக்காளித் தோட்டத்தில் ஒரு ஏக்கரைக் கொடுத்துவிடு என்கிறாராம் மச்சான். "பெங்களூர்ல இருக்கறவருங்க, அவருக்குத் தெரியாதா?" என்றார். குரலில் பயம் இருந்தது. ஆனால் முன்பணம் கேட்கிறார்கள் என்றதால் ஆறுதலோடு நிறுத்த முடியவில்லை.

அண்ணா, விற்காதீர்கள். உங்கள் பெண் 6ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. பொறியியல்தான் வேண்டும் என்றால், கலந்தாய்வில் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. செட்டிக்கரையிலும் பர்கூரிலும் அரசுப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. நிலத்தைக் கொடுத்து வாங்கும் சீட்டில் இதைவிட என்ன கூடுதலாகக் கிடைக்கும் என்று மச்சானிடமே கேளுங்கள்.

அவளிடமும் பேசினேன். ஆப் செய்யப் பிடிக்குமா என்றதற்குப் பதிலே இல்லை. கணக்கில் எது பிடிக்கும் என்றதும் 11ஆம் வகுப்புக் கணிதத் தொகுத்தறிதலுக்குப் போய்விட்டாள். முதல் எண்ணுக்குச் சரி, ஒரு எண்ணுக்குச் சரியென்றால் அடுத்ததற்கும் சரி, ஆகவே எல்லாவற்றுக்கும் சரி. "நாலஞ்சு நம்பர் போட்டுப் பார்த்துட்டு எல்லாத்துக்கும் சரின்னு எப்படி சார் விடறது?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். நம் வங்கிக் கணக்கும் ரயில் டிக்கெட்டும் ஒரே கணினியில் இல்லை. பல கணினிகள் செய்தி அனுப்பிப் பேசித்தான் முடிவெடுக்கின்றன. செய்தி தாமதமாகும், தொலையும், நடுவில் ஒரு கணினி படுத்துவிடும். அப்போதும் ஒரே சீட்டை இரண்டு பேருக்கு விற்றுவிடக் கூடாது. 5 கணினிகளை வைத்துச் சோதித்துவிடலாம். 5,000 ஆனால்? எத்தனை ஆனாலும் சரிதான் என்று நிரூபிப்பதுதான் இவர்கள் வேலை. ஃபார்மல் வெரிஃபிகேஷன் என்று இந்தத் துறைக்குப் பெயர்.

கணினிகள் பேசிக்கொள்ளும் விதிகளை, அதாவது எந்த நெறிமுறையைக் கொடுத்தாலும், எத்தனை கணினி ஆனாலும் அது சரியா என்று தானாகவே தீர்ப்புச் சொல்லும் நிரல் (புரோகிராம்) இருக்க முடியாது என்று ஆப்ட், கோசன் என்ற இரு கணினி அறிஞர்கள் 1986இல் காட்டிவிட்டார்கள். அதனால் ஒவ்வொரு வகைக்கும் மனிதர்தான் யோசிக்க வேண்டும். எமர்சனும் நம்ஜோஷியும் 1995இல் செய்தது எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரே நிரலை ஓட்டும் கணினிகள் வளையமாக இணைந்து 'இப்போது உன் முறை' என்று சொல்லும் ஒரு டோக்கனை மட்டும் கைமாற்றிக்கொள்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே செய்ய வேண்டிய வேலைக்குள் இரண்டு கணினிகள் ஒருசேர நுழையாது என்பதை 4 கணினி வளையத்தில் சரிபார்த்தால் போதும், அதைவிடப் பெரிய எந்த வளையத்திலும் அது சரியாகவே இருக்கும்!

வெறும் தாள் கணக்கல்ல இது. அமேசான் பொறியாளர்கள் 2015இல் எழுதியிருக்கிறார்கள்: தகவல்களைச் சேமித்து வைக்கும் அவர்களுடைய டைனமோடிபி சேவையில் தகவலே தொலையக்கூடிய ஒரு பிழை இருந்தது. அது வெளிப்படக் குறைந்தது 35 படிகள் வரிசையாக நடக்க வேண்டும். வழக்கமான சோதனைகளில் எல்லாம் தப்பிய அந்தப் பிழை, கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய டிஎல்ஏ பிளஸ் என்ற மொழியில் வடிவமைப்பை எழுதிச் சரிபார்த்தபோதுதான் சிக்கியது.

சரி, எங்கே படிப்பது? சிறுசேரியில் இருக்கும் சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட்டில் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த மூன்றாண்டு பி.எஸ்சி. ஆனர்ஸ் உண்டு. இந்தத் துறையில் பல வருடமாக ஆராய்ச்சி நடக்கும் இடம் அது. நுழைவுத் தேர்வில் கணக்கு மட்டும்தான். இயற்பியல், வேதியியல் கிடையாது. விடுதி இருக்கிறது, கட்டணச் சலுகையும் உண்டு. எவ்வளவு கிடைக்கும் என்று சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மொரப்பூரில் ரயில் ஏறினால் சென்னை.

ஒன்றை மறைக்க மாட்டேன். பி.எஸ்சி. முடித்த கையோடு இந்தப் பெயரில் வேலை வரிசையில் நிற்காது. எம்.எஸ்சி.யும் படித்தாக வேண்டியிருக்கும். மூன்று வருடத்தில் அவள் சம்பளம் வீட்டுக்கு வந்தே ஆகவேண்டும் என்ற நிலை இருந்தால் அதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அப்படி இல்லையென்றால், நிரூபணம் கேட்டு அடம்பிடிக்கும் பெண்ணை உறவினர் வாய்க்குப் பயந்து வேறு பக்கம் தள்ளாதீர்கள். இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

பழைய வினாத்தாள்கள் அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே இருக்கின்றன. ஒன்றை அச்செடுத்துக் கொடுங்கள். வழக்கமான பிளஸ் டூ கேள்விகள் மாதிரி இருக்காது, பாதிகூட வராமல் போகலாம். மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். வராத கணக்கை மறுநாளும் எடுத்து உட்காருகிறாளா என்று பாருங்கள். ஆங்கிலம் இடித்தால் பள்ளிக் கணக்கு ஆசிரியரைக் கேள்வியை மட்டும் விளக்கச் சொல்லுங்கள், விடையை அவளே எழுதட்டும்.