கடல் பார்த்த அறை: வாசகர் கேள்வி–பதில்

எங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு மகன் பிரான்சில் நீஸ் நகரக் கடற்கரையில் 4 இரவு தங்க ஓட்டல் பார்த்திருக்கிறான். நூறு வருடப் பழைய ஓட்டலாம், போன வருடம்தான் முழுக்கப் புதுப்பித்தார்களாம். ஒரு இரவு வாடகையைக் கேட்டாலே பயமாக இருக்கிறது. பணம் கட்டுமுன் எதையெல்லாம் விசாரிக்க வேண்டும்?
– வாசகி, பாளையங்கோட்டை

'முழுக்க' என்ற வார்த்தையைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும், அம்மா. அந்தக் கரையில் பழைய ஓட்டல்கள் பெரும்பாலும் ஆள்வரத்து குறைந்த குளிர்காலத்தில், மாடி மாடியாகத்தான் வேலை பார்க்கும். நம் வீட்டில் குடியிருந்துகொண்டே வெள்ளையடிக்கிற மாதிரிதான். இரண்டாம் மாடி பளபளவென்று இருக்கும், நாலாம் மாடியில் பழைய கம்பளமே கிடக்கும். விளம்பரப் படம் எப்போதும் இரண்டாம் மாடியைத்தான் காட்டும். மொத்தமாகப் பூட்டிவிட்டு வேலை முடிப்பவர்களும் உண்டு. பக்கத்து ஊரான கேன்ஸில் 1911இல் திறந்த கார்ல்டன் ஓட்டல் அப்படித்தான் மூடப்பட்டு, 2023 மார்ச்சில் மறுபடி திறந்தது.

ஆகவே மகனிடம் சொல்லி ஓட்டலுக்கே நேராக ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். எங்களுக்குத் தரும் அறை வகை புதுப்பித்த பகுதியில் இருக்கிறதா, எந்த வருடம் புதுப்பித்தது, நாங்கள் தங்கும் தேதிகளில் கட்டடத்தில் வேலை நடக்குமா, நீச்சல் குளமும் கடற்கரைப் பகுதியும் திறந்திருக்குமா என்று நாலு கேள்வி போதும். போனில் கேட்டால் 'ஆமாம் ஆமாம்' என்பார்கள். எழுத்தில் வந்த பதில்தான் அங்கே போய் நிற்கும்போது கைகொடுக்கும்.

அடுத்தது அறையின் அளவு. இந்த மாதிரிக் கட்டடங்களில் பலவற்றின் முகப்பைத் தொடக்கூடாது என்று சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. எத்தனை கோடி செலவழித்தாலும் ஜன்னலும் பால்கனியும் அன்று கட்டிய அளவில்தான் இருக்கும். குறைந்த கட்டண அறை 20 சதுர மீட்டர் என்று போட்டிருந்தால், நம் கணக்கில் 215 சதுர அடி, அதுவும் குளியலறையைச் சேர்த்து. இரண்டு பெரிய சூட்கேஸைத் திறந்து வைத்தால் நடக்க இடம் இருக்காது.

கடல் காட்சியிலும் மூன்று தரம். நேராகக் கடலைப் பார்த்த அறை, பக்கவாட்டில் கடல் தெரியும் அறை, உள் முற்றத்தையோ பின்தெருவையோ பார்த்த அறை. நடுவில் உள்ளதை எடுத்தால் பால்கனி ஓரத்தில் நின்று கழுத்தைத் திருப்பினால்தான் நீலம் தெரியும். 4 இரவும் கடலைப் பார்த்தே இருக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், ஒரு இரவைக் குறைத்துக்கொண்டாவது முதல் தரத்தை எடுங்கள். இரண்டாவது தரத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் என்பதே எங்கள் கருத்து.

நீஸில் 'கடற்கரை ஓட்டல்' என்றால் வாசலில் கடல் என்று நினைத்துவிட வேண்டாம். புரோமனாட் தெசாங்கிலே என்ற அகலமான கடற்கரைச் சாலை நடுவே ஓடுகிறது. அதைத் தாண்டினால்தான் கரை. கேன்ஸிலும் இதே கதைதான். வண்டிச் சத்தம் உண்டு. புதுப்பித்த அறையில் இரட்டைக் கண்ணாடி போட்டிருப்பதால் கதவை மூடினால் சத்தம் அடங்கிவிடும்.

பல பேர் ஏமாறும் இடம் ஒன்று. பால்கனிக் கதவின் மேல் மூலையில், சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு தீப்பெட்டியில் பாதி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கும். கதவைத் திறந்தால் அது ஏசியை நிறுத்திவிடும். கடல் காற்றும் வேண்டும், ஏசியும் வேண்டும் என்று கதவைத் திறந்து வைத்துவிட்டு 'ஏசி ரிப்பேர்' என்று ரிசப்ஷனைக் கூப்பிட வேண்டாம். மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்தால் தானே ஓடும்.

அறைக்குள் போனதும் பெட்டியைத் திறக்காமல் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஷவரை ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். புது மோஸ்தரில் பாதிக் கண்ணாடித் தடுப்புதான் வைக்கிறார்கள். தரையின் வாட்டம் சரியில்லை என்றால் தண்ணீர் அறைக்குள் வரும். வெந்நீர், ஏசி, லாக்கர் எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள். பால்கனிக் கதவைத் தள்ளிப் பாருங்கள். உப்புக் காற்று கதவு ஓடும் தடத்தில் படிந்து, பூட்டு நாக்கை இறுக்கிவிடும். உவரிப் பக்கம் வீடு கட்டியவர்களுக்கு இது புதிதல்ல, வேலை முடிந்து ஒரு வருடத்திலேயே ஆரம்பிக்கும். பெயிண்ட், கம்பளப் பசை வாடை தலைவலி தந்தாலும் உடனே சொல்லுங்கள். பெட்டி பிரிக்காதவருக்கு அறை மாற்றுவது அவர்களுக்கும் சுலபம்.

பணம்: பிரான்சில் காட்டும் வாடகையிலேயே வரியும் சேவைக் கட்டணமும் அடக்கம். தங்கும் வரி மட்டும் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாக வரும், 18 வயதுக்குக் கீழ் கிடையாது. காலை உணவு சேர்ந்ததா என்று பாருங்கள். போய்ச் சேர்ந்ததும் கார்டில் ஒரு தொகையை உத்தரவாதமாக நிறுத்தி வைப்பார்கள். அதற்கு கிரெடிட் கார்டைக் கொடுங்கள். டெபிட் கார்டு என்றால் உங்கள் சொந்தப் பணமே முடங்கும், ஊர் திரும்பிய பிறகும் விடுபடாமல் நாள் இழுக்கும்.

நாங்கள் மணப்பாடு, உவரிக் கடலில் குளித்து வளர்ந்தவர்கள். மத்தியதரைக் கடல் எப்படி இருக்கும்? ஓட்டலின் தனிக் கடற்கரையில் இலவசமாக உட்காரலாமா?
– வாசகர், திசையன்விளை

ஏற்றவற்றம் மிகக் குறைவு, ஓரடி அளவுதான். அதனால் காலையில் பார்த்த கரை சாயங்காலமும் அப்படியே இருக்கும். உப்பு கூடுதல். நம் கடலில் லிட்டருக்கு 35 கிராம் என்றால் அங்கே 38 வரை போகும், உடம்பு கொஞ்சம் லேசாக மிதக்கும். ஆனால் குளிர்! மன்னார் வளைகுடாத் தண்ணீர் சுமார் 26 முதல் 30 டிகிரி. நீஸில் ஏப்ரலில் 15, ஜூனில் 21, ஆகஸ்டில்தான் 25 டிகிரியைத் தொடும். ஜூலை முதல் செப்டம்பர் நடுவரை போனால்தான் நம் ஆட்கள் இறங்கிக் குளிக்க முடியும்.

நீஸ் கரையில் மணல் கிடையாது. தாமிரபரணிக் கரையில் கிடக்கிற மாதிரி வழுவழுப்பான உருண்டைக் கற்கள். வெறுங்காலோடு நடந்தால் பாதம் கன்றிப்போகும். ரப்பர் அடி வைத்த தண்ணீர்ச் செருப்பு ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். கரை சட்டென்று இறங்கும், நாலைந்து எட்டில் கழுத்தளவு வந்துவிடும். அலை வரும்போது காலடியில் கல் உருண்டு ஆளைத் தள்ளும், அதனால் வெளியேறும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். மணல்தான் வேண்டும் என்றால் கேன்ஸ் போங்கள்.

கொடியைப் பார்த்து இறங்குங்கள். பச்சை என்றால் இறங்கலாம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் தடை. ஊதாக் கொடி தண்ணீர் கெட்டிருப்பதற்கோ, ஆபத்தான உயிரினம் இருப்பதற்கோ அடையாளம். அந்தப் பக்கம் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சொறி மீன் (ஜெல்லி மீன்) உண்டு, கைப்பிடி அளவுதான், எரிச்சல் கடுமை. பட்டால் தேய்க்கக் கூடாது, குழாய்த் தண்ணீரும் ஊற்றக் கூடாது. கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழையை அட்டையால் வழித்தெடுத்துவிட்டு மீட்புக்காரர்களிடம் போங்கள்.

பிரான்சில் கடற்கரை பொதுச் சொத்து. ஓட்டல்கள் ஒரு பகுதியை அரசிடம் குத்தகைக்கு எடுத்துப் படுக்கையும் குடையும் போடுகின்றன. ஓட்டலில் தங்குபவருக்கும் அதற்குத் தனிக் கட்டணம் இருக்கலாம், முன்பே கேளுங்கள். பக்கத்திலேயே இலவசப் பகுதி இருக்கும். துண்டை விரித்து உட்காருங்கள், கடல் ஒன்றுதான்.

நாங்கள் சுத்த சைவம். முட்டையும் ஆகாது. கட்டுச்சோறும் குக்கரும் கொண்டு போகலாமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

அறையில் குக்கர் வேண்டாம். புகை உணர்கருவி அலறும், அபராதமும் வரும். ஊரிலிருந்து கொண்டு போவதிலும் கட்டுப்பாடு உண்டு. நெய், பால்கோவா, தயிர் போன்ற பால் பொருட்களுக்கு ஐரோப்பிய எல்லையில் தடை. கறிவேப்பிலையும் கூடாது. அந்தச் செடி வழியாக எலுமிச்சை வகை மரங்களுக்கு நோய் பரவும் என்று சான்றிதழ் கேட்பார்கள். இலை போடாத பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், உடன்குடிக் கருப்பட்டி போன்றவற்றுக்குத் தடையில்லை.

நீஸில் தேடிப் போய்ச் சாப்பிட வேண்டியது சொக்கா. கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, இவ்வளவுதான். அகலச் செப்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுடுவார்கள். ஓரம் கருகி மொறுமொறுப்பாக, நடுவில் மெத்தென்று இருக்கும். மிளகுப் பொடி தூவி, சூடு ஆறுமுன் சாப்பிட வேண்டும். ராத்தாத்துயி என்ற கத்தரிக்காய், சுரைக்காய் வகைக் கூட்டும் சைவமே. 'நீஸ் சாலட்' என்ற பெயரை நம்பி வாங்கிவிடாதீர்கள், மீனும் முட்டையும் கலந்து வரும்.

விசாவுக்கு ஓட்டல் முன்பதிவு காட்ட வேண்டுமாமே? விசா வராவிட்டால் பணம் போய்விடுமா?
– வாசகர், வள்ளியூர்

ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் மட்டும் பதிவு செய்யுங்கள். விசா கிடைத்த பிறகு மலிவான வகைக்கு மாற்றிக்கொள்ளலாம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து 15 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம். கோடை நெரிசலில் நாள் கிடைக்காது, மூன்று மாதம் முன்பே சென்னைக்குப் போய்வந்துவிடுங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஐரோப்பாவில் பல நாடு சுற்றுவதாக இருந்தால், எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சில இரவு பிள்ளைகள் வீட்டில் தங்குவதாக இருந்தால், அந்த இரவுகளுக்கு ஓட்டல் ரசீது பயன்படாது. அவர்கள் தங்கள் ஊர் நகராட்சியில் அழைப்புச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும்.

கழிப்பறை, சார்ஜர் விஷயம் சொல்லுங்கள்.
– வாசகர், சங்கரன்கோவில்

மின்சாரம் நம்மைப் போலவே 230 வோல்ட். இரண்டு முள் போன் சார்ஜர் அப்படியே பொருந்தும், மூன்று முள்ளுக்கு அடாப்டர் வேண்டும். கழிப்பறையில் கைக்குழாய் இருக்காது. அழுத்தினால் பீய்ச்சும் மூடி வைத்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று எடுத்துப் போங்கள். வாளியும் கப்பும் வைத்து ஷவர் தடுப்புக்கு வெளியே குளிக்காதீர்கள். அங்கே தரையில் தண்ணீர் போக ஓட்டை கிடையாது, கீழ் மாடிக் கூரையில் ஒழுகும், பில் உங்கள் பெயருக்கு வரும்.