மருந்துக்கடையில் இருக்கும் வனச்சட்டம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். இறந்த விலங்குகளைத் தின்னும் பாறு கழுகுகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது, நம் பாதுகாப்புச் சட்டங்களை மாற்றிக்கொண்டே இருப்பதை நினைத்துச் சலிப்புத்தான் வந்தது. கானமயில் என்ற அரிய பறவைகள் மோதிச் சாகாமலிருக்க மின்கம்பிகளை நிலத்தடியில் கொண்டுபோகச் சொல்லி 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024இல் அதே நீதிமன்றம் அதைத் தளர்த்திவிட்டது. வனவிலங்குச் சட்டத்தில் உயிரினங்களை வகைப்படுத்தும் ஆறு அட்டவணைகள் இருந்தன, 2022 திருத்தத்தில் நான்காக்கிவிட்டார்கள். ஒருமுறை எழுதிய பாதுகாப்புச் சட்டத்தை இனி யாரும் தொடக்கூடாது என்று வைத்துவிட்டால் என்ன? இன்னொன்று, எங்கள் வீட்டில் மாடுகள் இருக்கின்றன. வலிக்கு ஊசி போடும்போது நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

செ., ஈரோடு மாவட்டம்

அன்புள்ள செ.,

உங்கள் சலிப்பு புரிகிறது. ஆனால் நீங்கள் சொல்லும் வழி சரிப்படாது. விதிகளை யாரும் தொடாமல் விட்டிருந்தால் இன்று நீலகிரிப் பக்கத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகளைப் பார்ப்பதே சந்தேகம்தான்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முக்கியமாக வேட்டையையும் வியாபாரத்தையும் தடுக்க வந்தது. பாறுகளை யார் வேட்டையாடினார்கள்? யாருமில்லை. ஆனாலும் 1990களின் தொடக்கத்திலிருந்து பதினைந்தே ஆண்டுகளில் வெண்முதுகுப் பாறுகள் ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் மிஞ்சின. காரணம் தெரிய 2004 ஆனது, அதுவும் பாகிஸ்தானில் நடந்த ஆய்வில். மாட்டுக்கு வலி குறைய போடும் டைக்ளோஃபினாக். ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் இறந்துபோனால் மருந்து அதன் உடலிலேயே தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும். யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின்மேல் வெள்ளையாகப் படியும். சில நாட்களில் சாவு. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இந்த மருந்து இருந்தாலே இவ்வளவு பெரிய அழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரே சடலத்தில் கூட்டமாக வந்து இறங்கும் பறவை அது. ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும்.

பாறு எந்த அட்டவணையில் இருந்தால் என்ன? அதைக் காப்பாற்றும் விதி வனத்துறையின் கையில் இல்லை, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் இருந்தது. 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தார்கள். சரி, அத்தோடு முடிந்ததா? மனிதர்களுக்கான அதே மருந்து 30 மில்லி குப்பிகளில் கடைக்கு வந்துகொண்டிருந்தது. மனிதருக்கு ஓர் ஊசிக்கு 3 மில்லி போதும். பெரிய குப்பி யாருக்குப் போயிருக்கும் என்று மாடு வளர்க்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2015இல்தான் ஊசி மருந்தை ஒரு வேளை அளவான 3 மில்லிக்கு மேல் அடைத்து விற்கக்கூடாது என்ற விதி வந்தது. மருந்து நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2017இல் நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. என்னைக் கேட்டால், இந்தியாவில் பாறுகளுக்குக் கிடைத்த நல்ல சட்டங்களில் ஒன்று இந்த 3 மில்லி. இதைக் கொண்டாடி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

ஆகவே விதி மாறுவது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. ஆமை வேகத்தில் மாறுவதுதான் குறை. மாடுகளுக்குப் போடும் இன்னொரு வலி மருந்தான கீட்டோபுரோஃபென் பாறுகளைக் கொல்லும் என்று 2009இலேயே ஆய்வு வந்துவிட்டது. வங்கதேசம் 2021இல் அதைத் தடை செய்தது. நாம் 2023 ஜூலையில் செய்தோம், அசிக்ளோஃபினாக்கையும் சேர்த்து. இந்த அசிக்ளோஃபினாக் கதை இன்னும் வேடிக்கை. மாட்டின் உடலுக்குள் போனதும் அது டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும். வாசலில் தடுத்த ஆளைக் கொல்லைப்புறமாக உள்ளே விட்ட மாதிரி. நிமெசுலைடுக்குத் தடை வந்தது 2024 கடைசியில். ஒவ்வொரு மருந்தையும் தடை செய்ய இப்படித் தனித்தனியாக ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருக்கிறது. ஒரு வலி மருந்தை மாடுகளுக்கு அனுமதிக்கும் முன்பே அது பாறுகளுக்கு ஆகுமா என்று சோதித்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லட்டும். நீங்களும் நானும் கேட்க வேண்டிய திருத்தம் அது.

கானமயில் விஷயத்தில் உங்கள் கோபம் பாதி நியாயம். காட்டில் மிஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு, பெரும்பாலும் ராஜஸ்தானில். கனத்த உடம்பு. நேர் எதிரே இருப்பது அதன் கண்ணுக்குச் சரியாகப் படாது. கம்பியைப் பார்த்து விலகுவதற்குள் மோதிவிடும். சூரிய மின்சாரத்தின் தேவையையும் கணக்கில் எடுத்து, சுமார் 99,000 சதுர கிலோமீட்டருக்குப் போட்ட பொதுவான கட்டுப்பாட்டை 2024இல் நீதிமன்றம் விலக்கிக்கொண்டது. எங்கே புதைப்பது என்பதை நிபுணர் குழுவிடம் விட்டது. அவ்வளவு பரப்பிலும் கம்பியைப் புதைக்க முடியாது என்ற வாதத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை. ஆனால் குழு கூடிப் பேசிய காலமெல்லாம் கம்பிகள் அதே உயரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த இடத்தில் உங்கள் பக்கம்தான் நான்.

அட்டவணைகள் குறைந்ததில் பெரிய சதி எதுவும் எனக்குத் தெரியவில்லை. விலங்குகளுக்கு இரண்டு, தாவரங்களுக்கு ஒன்று, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் வருபவற்றுக்கு ஒன்று என்று அடுக்கியிருக்கிறார்கள். வேட்டையாடினால் குற்றமில்லை என்று விடப்பட்ட தொல்லை விலங்குகளுக்கென்று இருந்த பழைய ஐந்தாம் அட்டவணை போய்விட்டது. ஆனால் ஒரு விலங்கைத் தொல்லை என்று அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் அப்படியேதான் இருக்கிறது. கவலைப்படுவதென்றால் அதற்குப் படுங்கள்.

அப்புறம் உங்கள் மாடுகள். மெலாக்சிகம், டோல்ஃபெனாமிக் அமிலம் இரண்டும் பாறுகளுக்கு ஆபத்தில்லை என்று சோதித்துப் பார்த்தவை. கால்நடை மருத்துவரிடம் பெயர் சொல்லியே கேளுங்கள். பல ஊர்களில் ஊசி போடுபவர் மருத்துவராக இருப்பதில்லை. அப்படியானால் குப்பியைக் கையில் வாங்கி, பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, கீழே சிறிதாக அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். வேறு வலி மருந்து போட்ட மாடு இறந்துபோனால் வெளியே போடாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். காடு தள்ளித்தானே இருக்கிறது என்று நினைக்க வேண்டாம், பாறுகள் இரை தேடி ஒரே நாளில் நெடுந்தூரம் வந்து போகும்.